ஒன்பதாம் படி: ராணுவ வீரரின் மனைவியும் கல்லூரி உதவித்தொகையும்

இந்தியாவில் ராணுவ வீரரின் மனைவி கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை தேடும்போது, அவருடைய மதிப்பெண்ணுக்கு முன்பே கேட்கப்படுவது கணவரின் நிலை. கணவர் பணியில் இருக்கிறாரா, ஓய்வு பெற்றுவிட்டாரா, ஊனமுற்று வெளியே வந்தாரா, இறந்துவிட்டாரா? கடைசியாகச் சொன்னது நேர்ந்திருந்தால், அது போர்முனையிலா, பணிக்காலத்திலா, ஓய்வுக்குப் பிறகா? இந்தக் கேள்விகளுக்கான விடையைப் பொறுத்து ஒரே பெண்ணுக்குச் சில வாசல்கள் திறக்கின்றன, சில மூடிக்கொள்கின்றன. இத்திட்டங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அரசின் ஏடுகளில் ராணுவ வீரரின் மகனும் மகளும் மாணவர்களாக இருக்கிறார்கள். மனைவி பெரும்பாலும் விதவையான பிறகே மாணவியாகிறார்.

ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்து நாராயணவனம் இதைப் பார்க்கப் பொருத்தமான ஊர். ஆகாசராஜனின் மகள் பத்மாவதியைச் சீனிவாசப் பெருமாள் மணந்த இடம் என்று தலபுராணம் சொல்லும் ஊர் இது. கல்யாண வேங்கடேசுவரர் கோயிலும் கைத்தறியும் இதன் அடையாளங்கள். தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் எல்லைப்புறம். புத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. புத்தூர்–நாராயணவனம் சாலையிலேயே சித்தார்த் பொறியியல் கல்லூரி நிற்கிறது. பேருந்தில் போய்வரும் தொலைவில் திருப்பதி. அங்கே 1954இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், பெண்களுக்கென்றே 1983இல் தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் உள்ளன. கணவர் எல்லைப் பகுதியில், குடும்பத்தை அழைத்துப்போக முடியாத இடத்தில் இருக்கும் காலத்தில் மாமியார் வீட்டிலோ தாய்வீட்டிலோ தங்கும் பெண்ணுக்குக் கல்லூரி தூரமில்லை. தூரமாக இருப்பது கல்லூரிக் கட்டணம்.

முன்னாள் படைவீரர் நலத்துறை 2018 மே மாதம் வெளியிட்ட முன்னுரிமைப் பட்டியலிலிருந்து தொடங்குவது நல்லது. மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் படையினர் குடும்பத்துக்கு இடம் ஒதுக்கும் மாநிலங்களும் பல்கலைக்கழகங்களும் எந்த வரிசையில் இடம் தர வேண்டும் என்பதை அது ஒன்பது படிகளாக வகுக்கிறது. முதல் படியில், போரில் கொல்லப்பட்டவர்களின் விதவைகளும் பிள்ளைகளும். இரண்டாவதில், போரில் ஊனமுற்றுப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள். மூன்றாவதில், படைப்பணி காரணமாகப் பணிக்காலத்தில் இறந்தவர்களின் விதவைகளும் பிள்ளைகளும். நான்காவது, பணியால் ஊனமுற்றவர்களின் பிள்ளைகள். ஐந்தாவது, வீர விருது பெற்றவர்களின் பிள்ளைகள். ஆறாவது, முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள். ஏழாம் படியில்தான் 'மனைவி' என்ற சொல் முதன்முதலாக வருகிறது. அதுவும் ஊனமுற்றவர் அல்லது வீர விருது பெற்றவரின் மனைவி. எட்டாவது, பணியில் இருப்பவர்களின் பிள்ளைகள். பணியில் இருக்கும் சாதாரண வீரரின் மனைவிக்கு ஒன்பதாவது, அதாவது கடைசிப் படி.

இந்தப் பட்டியலைக் கையாளும் நிறுவனங்களில் தில்லிப் பல்கலைக்கழகம் ஒன்று. அங்கே ஐந்து விழுக்காடு இடங்கள் படையினர் குடும்பத்துக்கு உண்டு. ஆனால் முதல் எட்டுப் படிகளும் தீர்ந்த பிறகுதான் ஒன்பதாம் படிக்காரருக்கு அழைப்பு வரும். ஆந்திரத்தின் தொழிற்கல்விச் சேர்க்கையில் உள்ள இரண்டு விழுக்காடு ஒதுக்கீட்டின் பெயரே 'படையினரின் பிள்ளைகள்' என்பது. மனைவிக்கு அங்கே இடமே இல்லை. போரில் கணவரை இழந்தவரை முதல் படியில் வைத்தது நியாயம். அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உயிரோடு இருக்கும் வீரரின் மனைவி ஏன் கடைசியில் நிற்கிறார் என்பதற்குத்தான் பட்டியலில் விடை இல்லை.

விதவைகளுக்கான உதவிகளில் பெரியது பிரதமர் கல்வி உதவித்தொகைத் திட்டம். 2006–07இல் தொடங்கிய இதற்குப் பணம் தேசியப் பாதுகாப்பு நிதியிலிருந்து வருகிறது. முன்னாள் படைவீரர், முன்னாள் கடலோரக் காவல் படையினர் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் ஆண்டுக்கு 5,500 பேர் என்ற கணக்கில், முன்னாள் படைவீரர் நலத்துறையின்கீழ் இயங்கும் கேந்திரிய சைனிக் போர்டு வழங்குகிறது. பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாய், ஆண்களுக்கு 2,500. பெண்ணுக்கு ஆண்டுக்கு 36,000 ரூபாய் வரும். ஓய்வுக்குப் பிறகு இயல்பாக இறந்தவரின் விதவையும் கேட்கலாம். ஆனால் அந்தப் பிரிவு அதிகாரி நிலைக்குக் கீழே பணியாற்றியவர்களின் குடும்பங்களுக்கு மட்டும்.

நிபந்தனைகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். படிப்பு தொழிற்கல்விப் பட்டமாக இருக்க வேண்டும்: பி.டெக்., எம்.பி.பி.எஸ்., பி.பார்ம்., பி.எட்., பி.பி.ஏ., பி.சி.ஏ., எம்.பி.ஏ., எம்.சி.ஏ. போன்றவை. சேர்க்கைக்கான அடிப்படைத் தேர்வில் 60 விழுக்காடு தேவை. முதலாண்டில் சேர்ந்தவுடனேயே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் நினைவு வந்து கேட்டால் கிடைக்காது. ஆண்டுதோறும் 50 விழுக்காடு எடுத்தால்தான் தொடரும். அஞ்சல்வழிக் கல்விக்குக் கிடையாது. சாதாரண பி.ஏ.வும் பி.எஸ்சி.யும் பட்டியலில் இல்லை.

அடுத்தது, பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நல நிதி. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 அன்று பள்ளிக்கூடங்களில் சட்டைப்பையில் குத்தும் கொடிநாள் காகிதக் கொடிக்காகப் பிள்ளைகள் உண்டியலில் போடும் காசு போய்ச் சேரும் கொடிநாள் நிதியிலிருந்துதான் இதற்குப் பணம் வருகிறது. ஹவில்தார் நிலை வரையிலான முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு இதில் கல்விக்கொடை உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரையிலும், விதவைக்கு இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கும் இது பொருந்தும். நீண்ட காலம் மாதம் 1,000 ரூபாயாக இருந்த இத்தொகை, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 2,000 ரூபாயாக உயர்ந்தது. முடித்த ஆண்டின் படிப்புக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். ஆகவே பணம் பின்னால் வரும்.

இரண்டு திட்டங்களையும் அடுத்தடுத்து வைத்தால் நடுவில் ஓர் இடைவெளி தெரிகிறது. பன்னிரண்டாம் வகுப்போடு மணமாகி இருபத்திரண்டு வயதில் கணவரை இழந்த பெண் பி.ஏ. தெலுங்கோ பி.காமோ படிக்க விரும்பினால், பிரதமர் திட்டம் 'இது தொழிற்கல்வி அன்று' என்கிறது. அமைச்சரின் நிதி 'முதுநிலைக்கு வந்தபின் பார்க்கலாம்' என்கிறது. நாட்டுப்புறத்து இளம் விதவைகளில் பலர் நிற்கும் இடம் சரியாக இந்த இடைவெளிதான். தரைப்படையைச் சேர்ந்தவர்களுக்கு ராணுவ மத்திய நல நிதி இதை ஓரளவு நிரப்புகிறது. விதவைகளின் உயர்கல்விக்கென்று அதில் தனி உதவி இருக்கிறது. அதற்கான வழி கணவரின் ரெஜிமென்ட் வழியாகவும், அவருடைய பணிப்பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகவும் செல்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. ரெஜிமென்ட் மையங்கள் தம் 'வீர நாரி'களை, அதாவது வீரர்களின் விதவைகளை, நினைவில் வைத்திருக்கின்றன. எழுதிக் கேட்டால் பதில் வரும் இடங்களில் அவை முதன்மையானவை. 1966இல் தொடங்கிய தரைப்படை மனைவியர் நலச் சங்கம் தொழிற்பயிற்சியில் உதவுகிறது.

பட்டம் பெற்ற விதவைக்கு இன்னொரு வழியும் உண்டு. பணியின்போது இறந்த படையினரின் மனைவி, சென்னைப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாதெமி வழியாகக் குறுகிய காலப் பணியில் அதிகாரியாகச் சேர 35 வயது வரை விண்ணப்பிக்கலாம். 2017இல் சுவாதி மகாதிக், 2021இல் ஜோதி நைன்வால் ஆகியோர் கணவர் இறந்தபின் அந்த அகாதெமியில்தான் அதிகாரிகளானார்கள். பட்டம் இல்லாதவருக்கு இந்த வாசல் இல்லை. ஆகவே மேலே சொன்ன பி.ஏ., பி.காம். இடைவெளி சிறிய குறையன்று.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். ஊரில் சீருடை அணிந்த எல்லோரையும் 'மிலிட்டரிக்காரர்' என்றே சொல்வார்கள். ஆனால் மத்திய ரிசர்வ் போலீஸ், எல்லைப் பாதுகாப்புப் படை, அசாம் ரைபிள்ஸ் போன்றவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் உள்ளவை. அவர்களின் விதவைகள் சைனிக் போர்டுக்கு விண்ணப்பித்தால் வீண். பிரதமர் கல்வி உதவித்தொகை அவர்களுக்கும் உண்டு. அது 2,000 பேருக்கான தனித் திட்டம். அதற்குத் தேசிய உதவித்தொகை வலைத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

பணியில் இருக்கும் வீரரின் மனைவிக்கு வருவோம். கணவருக்குக் கிடைக்கும் கல்விப்படி பிள்ளைகளின் பள்ளிப்படிப்புக்கு மட்டும். மேற்சொன்ன மத்திய நிதிகள் எதுவும் இவருக்கு இல்லை. ஆகவே இவர் ராணுவ வீரரின் மனைவி என்ற பெயரை ஒதுக்கிவைத்து, பெண்ணாக, மாணவியாக, இன்ன வருமானமுள்ள குடும்பத்தவராக விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. அங்கே தடை வருமான வரம்பு.

ஒரு சிப்பாயின் சம்பளத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏழாவது ஊதியக்குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 21,700 ரூபாய். அதோடு படைப்பணி ஊதியம் 5,200. அகவிலைப்படி ஒரு பைசா சேர்க்காமலே ஆண்டுக்கு 3,22,800 ரூபாய் ஆகிறது. 2025 தொடக்கத்தில் இருந்த 55 விழுக்காடு அகவிலைப்படியைச் சேர்த்தால் 5,00,340. ஆந்திர அரசின் கல்விக்கட்டணத்தைத் திருப்பித்தரும் திட்டத்துக்கு 2.5 லட்சம் வரம்பு: முதல் மாதச் சம்பளத்திலேயே சிப்பாயின் மனைவி வெளியே நிற்கிறார். மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு 4.5 லட்சம் வரம்பு. பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் அத்திட்டத்திலும் இடமில்லை. இத்தனைக்கும் அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதி பாசறையிலேயே செலவாகிறது, ஒரு பகுதி பெற்றோருக்குப் போகிறது.

எட்டு லட்சம் வரம்பு வைத்த திட்டங்கள்தான் மிச்சம். அவற்றில் நல்லது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகை. டிப்ளமோ அல்லது தொழில்நுட்பப் பட்டப்படிப்பின் முதலாண்டில் சேரும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. பி.பி.ஏ., பி.சி.ஏ. படிக்கும் பெண்களுக்கு அதே குழுவின் சரஸ்வதி உதவித்தொகை ஆண்டுக்கு 25,000 ரூபாய். ஆனால் பிரகதியில் பள்ளித் தேர்வுக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் இடையே இரண்டு ஆண்டுக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. திருமணம், குழந்தை, இரண்டு இடமாற்றம் என்று கழிந்தபின் படிப்புக்குத் திரும்பும் பெண்ணை இந்த விதி வெளியே நிறுத்துகிறது. மணமான கையோடு, படிப்பை அறவே விட்டுவிடாமல் டிப்ளமோவில் சேர்ந்துவிடுபவருக்கே இது பயன்படும்.

முதுநிலைக்கு வந்துவிட்டால் கட்டுகள் சற்றுத் தளர்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசிய முதுநிலை உதவித்தொகை மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதம். மொத்தம் 10,000 இடங்கள், அவற்றில் 30 விழுக்காடு பெண்களுக்கு. வயது வரம்பு 30. இளநிலை மதிப்பெண்தான் இங்கே அளவுகோல். இருபத்தேழு வயதுக்கு மேல் ஆய்வுக்குத் திரும்பும் பெண்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002 முதல் தனித் திட்டங்கள் நடத்தி வருகிறது. திருமணம், கணவரின் இடமாற்றம் போன்ற காரணங்களால் ஊர் மாற நேரும் பெண் அறிவியலாளருக்குப் புதிய ஊரில் ஆய்வைத் தொடர உதவும் பிரிவும் அதில் சேர்ந்தது. ராணுவ மனைவியின் உண்மையான தொல்லை இடமாற்றம்தான் என்பதை ஒப்புக்கொண்ட மிகச் சில இந்தியத் திட்டங்களில் இது ஒன்று. ஆனால் அது அறிவியல் துறையில் உயர்கல்வி பெற்றவர்களுக்கே எட்டும்.

மற்றவர்களுக்கு இடமாற்றத்தைத் தாங்கும் வழி தொலைநிலைக் கல்வி. 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு நாடெங்கும் தேர்வு மையங்கள் உண்டு. நாராயணவனத்தில் சேர்ந்து ஜபல்பூரில் தேர்வெழுதலாம். 2021இல் வந்த கல்வி மதிப்பெண் வங்கி, ஒரு கல்லூரியில் ஈட்டிய மதிப்பீட்டு அலகுகளைச் சேமித்து இன்னொன்றுக்கு எடுத்துப்போக வழிசெய்கிறது. இருந்தும் உதவித்தொகைத் திட்டங்கள் பெரும்பாலும் தொலைநிலைக் கல்வியை ஏற்பதில்லை. எந்தப் படிப்பை இடம்பெயரும் மனைவியால் முடிக்க முடியுமோ அதற்குப் பணம் இல்லை. எதற்குப் பணம் உண்டோ அதை மூன்றாண்டு ஒரே ஊரில் இருந்து முடிக்க வேண்டும். பலர் பி.எட். முடித்து, நாடெங்கும் 130க்கும் மேற்பட்டுள்ள ராணுவப் பொதுப்பள்ளிகளில் ஆசிரியையாவதை இலக்காகக் கொள்வதற்கு இதுவே காரணம்: புதிய பாசறைக்குப் போனாலும் அருகில் ஒரு பள்ளி இருக்க வாய்ப்புண்டு.

அமெரிக்காவில் இதே தேவைக்கு வேறு விடை கண்டிருக்கிறார்கள். 2009 முதல் நடைமுறையில் உள்ள புதிய படைவீரர் கல்விச் சட்டத்தின்கீழ், ஆறாண்டு பணி முடித்து மேலும் நான்காண்டுக்கு ஒப்புக்கொள்ளும் வீரர் தமக்குரிய கல்விச் சலுகையை மனைவிக்கே மாற்றித் தரலாம். இளநிலைப் படிநிலைகளில் உள்ளவர்களின் மனைவி அல்லது கணவருக்கு, எந்த மாநிலத்துக்கும் எடுத்துச் செல்லத்தக்க தொழில் சான்றிதழ் படிப்புகளுக்கு 4,000 டாலர் வரை தரும் தனித் திட்டமும் உண்டு. அங்கே மனைவியின் படிப்பு, வீரரைப் பணியில் நிறுத்திவைக்கும் செலவின் ஒரு பகுதியாக எண்ணப்படுகிறது. இந்தியாவில் அது துயர்துடைப்பின் ஒரு பகுதி.

உதவித்தொகை எதுவானாலும் சேர்க்கை நாளில் கையில் வராது. அந்த இடைவெளிக்குக் கடன் வேண்டும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமித் திட்டம், தரவரிசையில் உள்ள குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களில் சேருபவருக்குப் பிணையில்லாக் கடன் தருகிறது. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையான கடனுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை. கல்லூரி அந்தப் பட்டியலில் உள்ளதா என்று சேர்வதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

இனித் தாள்கள். பல விண்ணப்பங்கள் வீழ்வது இங்கேதான் என்பதால் இதை விரித்துச் சொல்ல வேண்டும். திருமணம் கோயிலில் நடந்தாலும் பதிவாளர் முன் நடந்தாலும், ராணுவத்தைப் பொறுத்தவரை அது 'பார்ட் டூ ஆர்டர்' என்னும் பணிப்பதிவு ஆணையில் வெளியானபின்தான் நடந்ததாகக் கணக்கு. அதில் மனைவியின் பெயர் எப்படி எழுதப்பட்டதோ அப்படியே அடையாள அட்டையிலும், டிஸ்சார்ஜ் புத்தகத்திலும், ஓய்வூதிய ஆணையிலும் தொடரும். நாராயணவனத்தில் பிறந்த பெண்ணின் பள்ளிச் சான்றிதழில் தெலுங்கு வழக்கப்படி வீட்டுப்பெயர் முன்னால் இருக்கும். தமிழ்க் குடும்பமாயின் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். ஆதாரில் கணவர் பெயர் பின்னால் சேர்ந்திருக்கும். ரெஜிமென்ட் எழுத்தர் வடநாட்டவராக இருந்தால் நான்காவதாக ஓர் எழுத்துக்கூட்டல் உருவாகியிருக்கும். நான்கும் ஒருவரே என்று நிறுவ, கணவர் பணியில் இருக்கும்போதே யூனிட் வழியாகத் திருத்தம் போடுவது எளிது. அவர் இறந்தபின் ரெக்கார்ட் ஆபீசுக்குக் கடிதம் எழுதித் திருத்த மாதக்கணக்கில் ஆகலாம்.

சாதிச் சான்றிதழிலும் வருமானச் சான்றிதழிலும் பலர் தவறு செய்கிறார்கள். மணமான பெண்ணின் சாதி பிறப்பால் வருவது, கணவரால் மாறாது. பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவா இல்லையா என்பதை மத்திய அரசின் விதிப்படி முடிவுசெய்வது பெற்றோரின் நிலை, கணவரின் சம்பளம் அன்று. ஆனால் பொதுப்பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தோர் சான்றிதழுக்குக் கணவரின் வருமானமும் குடும்பக் கணக்கில் சேரும். ஒரே மண்டல தாசில்தார் அலுவலகத்தில் இரண்டுக்கும் இரண்டு கணக்கு. மீசேவா என்னும் அரசுச் சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போதே இதைத் தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மாவட்டப் பிரிப்பும் ஒரு சிக்கலைச் சேர்த்திருக்கிறது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்த நாராயணவனம், 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. பழைய சான்றிதழ்களில் சித்தூர் என்றும் புதியவற்றில் திருப்பதி என்றும் இருக்கும். மாநில எல்லையின் விளைவு இதைவிடப் பெரியது. 1960இல் தமிழகத்துக்குப் போன திருத்தணி இங்கிருந்து அதிக தூரமில்லை. அங்கே அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5இல் தொடங்கியது. நாராயணவனத்து அரசுப் பள்ளியில் படித்துவிட்டுத் திருத்தணிக்கு மருமகளாகப் போனவருக்கு அது கிடைக்காது. படித்த பள்ளி எந்த மாநிலத்தில் இருந்தது என்பதே அங்கே தகுதி.

இந்தத் திட்டங்கள் பலவற்றுக்கும் அடிப்படை 'முன்னாள் படைவீரர்' என்ற சட்டப்பூர்வமான நிலை. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்து நான்காண்டு முடித்து வெளியேறுபவருக்கு அந்த நிலையும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அதிகபட்சம் நான்கில் ஒருவர் படையில் தொடர்வார். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு ஊர் திரும்புவார்கள். முதல் அணியினருக்கு நான்காண்டு 2026 இறுதியில் நிறைவடைகிறது. அதன்பின் அப்படி ஊர் திரும்புபவர்கள் மணக்கும் பெண்களுக்கு, பிரதமர் கல்வி உதவித்தொகையோ அமைச்சரின் நல நிதியோ எந்த நிலையிலும் பொருந்தாது.